இன்ஜின் ஒன்று, பேர் இரண்டு

கேள்வி: ஏற்காட்டில் குடியிருக்கிறோம். நான் சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. தினமும் பஸ்ஸில் இறங்கி ஏறுவது முடியவில்லை என்பதால் பழைய டீசல் கார் ஒன்று வாங்க நினைக்கிறோம். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 2017 மாருதி டிசையர். 1,28,000 கிலோமீட்டர் ஓடியது, இரண்டாவது ஓனர், பழைய கார் விற்கும் கன்சல்டிங்கில் நிற்கிறது, 5.20 லட்சம் சொல்கிறார்கள். இன்னொன்று 2016 டாடா ஜெஸ்ட். 61,000 கிலோமீட்டர், ஒரே ஓனர், ரிடையர் ஆன வங்கி அதிகாரி, 3.30 லட்சம். என் அண்ணன், "டாடா வண்டி மலைக்குத் தாங்காது, மாருதின்னா கண்ணை மூடிக்கிட்டு எடு" என்கிறார். தெரிந்த டிராவல்ஸ்காரர் ஒருவர், "இன்னும் கொஞ்சம் காசு போட்டு டொயோட்டா எட்டியோஸ் எடுங்க, அப்புறம் திரும்பியே பார்க்க வேண்டாம்" என்கிறார். கம்பெனி பேரை நம்பி வாங்கலாமா?

பதில்: வணக்கம் டீச்சர். உங்கள் அண்ணனுக்கு முதலில் ஒரு விஷயம் தெரிய வேண்டும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டு வண்டிக்கும் இன்ஜின் ஒன்றுதான். இத்தாலியின் ஃபியட் கம்பெனி 2003-இல் கொண்டுவந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் அது. 1248 சிசி, நாலு சிலிண்டர், டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின். ஃபியட்டிடம் உரிமம் வாங்கி மாருதிக்காக மானேசரில் செய்தார்கள். டாடாவுக்கு, புனே பக்கம் ரஞ்சன்கானில் ஃபியட்டும் டாடாவும் கூட்டாக நடத்திய ஆலையிலிருந்து வந்தது. மாருதி அதற்கு டிடிஐஎஸ் என்று பேர் வைத்தது, டாடா குவாட்ராஜெட் என்று வைத்தது. 2007-இல் ஸ்விஃப்ட் டீசல் வந்து ஊரெல்லாம் பேசப்பட்டதே, அதுவும் இதுதான். இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ, லீனியா, செவ்ரோலே செயில் என்று எத்தனையோ பானெட்டுக்குள் இதே இன்ஜின் உட்கார்ந்திருந்தது.

இரண்டு வண்டியும் அச்சு அசலாக ஒன்று என்று சொல்ல வரவில்லை. டிசையரில் 75 குதிரைத்திறன்; ஜெஸ்ட்டில் ஆரம்ப வேரியன்ட்டைத் தவிர மற்றதில் 90, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவும் வேறு வகை. சஸ்பென்ஷன், ஒயரிங், கதவு, டேஷ்போர்டு எல்லாம் அவரவர் சொந்த வேலை. ஆனால் மலைக்குத் தாங்காது என்று ஒருவர் சொன்னால் இன்ஜினை மனதில் வைத்துத்தான் சொல்வார். ஒரே இன்ஜின் டிசையரில் இருந்தால் தாங்கும், ஜெஸ்ட்டில் இருந்தால் தாங்காது என்று எப்படி ஆகும்? ஏஎம்டி வேரியன்ட் என்றால் தானாகக் கியர் மாற்றும் அந்த அமைப்புகூட இரண்டிலும் மேக்னெட்டி மரெல்லி என்ற ஒரே சப்ளையருடையது.

அப்படியானால் 1.90 லட்சம் வித்தியாசம் எதற்கு? டிசையர் ஒரு வருடம் புதுசு, அதற்குக் கொஞ்சம். ஆனால் அது இரண்டு மடங்குக்கு மேல் ஓடியிருக்கிறது, ஒரு கை கூடுதலாக மாறியிருக்கிறது; அதற்கெல்லாம் விலை இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. அந்தப் பணத்தில் பெரும்பகுதி பேருக்குத்தான் போகிறது.

நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை இது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்து ஃப்ரீமான்ட் என்ற ஊரில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 1984 முதல் ஒரு தொழிற்சாலை நடத்தின. ஒரே லைனில், ஒரே தொழிலாளர் கையில் டொயோட்டா கரோலாவும் வந்தது, ப்ரிஸம் என்ற வண்டியும் வந்தது. ப்ரிஸம் என்பது வேறு முத்திரை குத்திய கரோலாதான். ஆனால் செகண்ட் ஹேண்ட் சந்தையில் கரோலாவுக்குக் கிடைத்த விலை ப்ரிஸமுக்குக் கிடைக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் ப்ரிஸத்தைத் தேடி வாங்கி டொயோட்டா போலவே வருடக்கணக்கில் ஓட்டினார்கள். நம் நாட்டில் 2019-இல் டொயோட்டா கிளான்ஸா வந்தது. அது மாருதி பலேனோதான். "டொயோட்டாவாச்சே" என்று சொல்லி அதை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு உண்மையிலேயே கூடுதலாகக் கிடைத்தது வாரண்டி: டொயோட்டா 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் கொடுத்தது, அப்போது பலேனோவுக்கு 2 வருடம் அல்லது 40,000. அது நல்ல காரணம். முத்திரை காரணமே இல்லை.

பேர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். மாருதிக்கு நல்ல பேர் இருப்பதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை, அது உழைத்துச் சம்பாதித்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, அம்பாசடரையும் பத்மினியையும் ஓட்டிக்கொண்டிருந்த நாட்டுக்கு, காலையில் சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆகிற வண்டி எப்படி இருந்திருக்கும்! ஆனால் இன்று ஜனங்கள் "மாருதி தொந்தரவே கொடுக்காது" என்று சொல்வதில் பாதி, வண்டி பழுதாவதில்லை என்பதல்ல. பழுதானால் சீக்கிரம், குறைந்த செலவில் சரியாகிவிடுகிறது என்பதுதான். எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார், எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் சாமான் கிடைக்கும், காலையில் விட்டால் சாயங்காலம் வண்டி வீட்டுக்கு வந்துவிடும். சஸ்பென்ஷனில் லிங்க் ராடு என்ற கம்பி போய், இப்படி ஒரே நாளில் சரியாகிவிட்டால், அதை யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. அதே லிங்க் ராடு இன்னொரு கம்பெனி வண்டியில் போய், சாமான் வரப் பத்து நாள் ஆனால், அந்தப் பத்து நாளும் பஸ்ஸில் போனதைப் பத்து வருடம் சொல்வார்கள். இரண்டிலும் போனது ஒரு லிங்க் ராடுதான்.

இது சின்ன விஷயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் இருக்கும் உங்களுக்குப் பழுது வராமல் இருப்பது எவ்வளவு முக்கியமோ, வந்தால் சேலத்தில் அன்றைக்கே சரிசெய்ய முடிவதும் அவ்வளவு முக்கியம். ஆனால் அதற்கு வண்டியின் தரம் என்று பேர் வைக்கக் கூடாது. ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததுமே பழைய ஃபோர்டு வண்டிகளுக்கு விலை இறங்கியது. முந்தின நாள் இருந்த அதே இன்ஜின்தான் உள்ளே இருந்தது.

டாடாவின் பேருக்கு வேறு கதை. 1998-இல் இண்டிகா வந்தபோது முதல் வண்டிகளில் குறை நிறைய இருந்தது. கம்பெனி அதைத் திருத்தி 2001-இல் வி2 என்று மறுபடி கொண்டுவந்தது. அது கால் டாக்சியாக ஊர் ஊருக்கு ஓடியது. டாக்சியாக ஓடியதே பேருக்குப் பாதகமாகவும் ஆனது: அடிபட்டு, நசுங்கி, மூன்று ஷிஃப்ட் ஓடின வண்டிகளைத்தான் ஜனங்கள் ரோட்டில் பார்த்தார்கள். அன்று உட்கார்ந்த பேர் இன்னும் எழுந்திருக்கவில்லை. பேர் எப்போதும் பத்துப் பதினைந்து வருடம் பின்தங்கியே வரும். உங்கள் அண்ணன் 2016 ஜெஸ்ட்டைப் பற்றிச் சொல்லும்போது அவர் நினைவில் ஓடுவது பெரும்பாலும் அந்தக் காலத்து இண்டிகாதான். பின்தங்குவது மறுபக்கமும் நடக்கும். அப்பா ஓட்டிய வண்டி நன்றாக உழைத்தது என்று மகன் அதே கம்பெனியின் புது வண்டி வாங்குவான். அதில் இன்ஜின் வேறு, கியர்பாக்ஸ் வேறு, செய்யும் ஆலையும் வேறு.

டொயோட்டாவுக்கு வருவோம். டிராவல்ஸ்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது. குவாலிஸும் இன்னோவாவும் நம் பக்கம் மூன்று லட்சம், நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடி இன்னும் கோயில் டிரிப் அடிப்பதைப் பார்க்கிறோம். நான் பார்த்த அளவில் அவர்களுடைய பலம் அவசரப்படாமல் இருப்பது: ஒரு இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வருடக்கணக்கில் வைத்துக்கொண்டு சின்னச் சின்னதாகத் திருத்துவார்கள். ஆனால் அந்த இன்னோவாக்களை ஓட்டியது யார்? வண்டி நின்றால் சோறு நிற்கும் என்று தெரிந்த ஓனர் டிரைவர்கள். ஆயில் மாற்ற ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப்போனால் அவர்களுக்குத் தூக்கம் வராது. வண்டியின் பேரில் அவர்களுடைய உழைப்பும் சேர்ந்திருக்கிறது. நாம் மொத்தத்தையும் கம்பெனி கணக்கில் எழுதிவிடுகிறோம்.

அந்தக் கம்பெனிக்கும் தவறே நேராமல் இல்லை. 2009, 2010-இல் தானாக வேகமெடுக்கும் புகாரில் உலகம் முழுக்க லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அந்த விவகாரத்தை மறைத்ததற்காக 2014-இல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்டினார்கள். மாருதி 2021 செப்டம்பரில் 1,81,754 பெட்ரோல் வண்டிகளைத் திரும்ப அழைத்து மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டைப் பார்த்துக் கொடுத்தது. ரீகால் என்றாலே வண்டி மட்டம் என்று பயப்பட வேண்டாம். குறையை ஒத்துக்கொண்டு இலவசமாக மாற்றித் தருகிற கம்பெனி, வாயை மூடிக்கொண்டிருக்கும் கம்பெனியை விட மேல். நீங்கள் எடுக்கப்போகும் வண்டிக்கு ரீகால் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று சேஸிஸ் நம்பரைக் கொடுத்துச் சர்வீஸ் சென்டரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

எட்டியோஸ் டீசலைப் பொறுத்தவரை, வண்டி நல்ல வண்டி. ஆனால் சந்தைக்கு வருவதில் நிறைய, டி போர்டில் ஓடி அப்புறம் ஓன் போர்டுக்கு மாற்றியவை. ஆர்சி விவரத்தைப் பார்த்தால் தெரியும். பேருக்காக 2 லட்சம் கிலோமீட்டர் டாக்சி ஓடியதை அதிக விலைக்கு வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சிலர் "வெளிநாட்டில் சர்வே எடுத்து நம்பர் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்து வாங்கலாமே" என்பார்கள். அமெரிக்காவின் ஜே.டி. பவர் ஒவ்வொரு வருடமும் மூன்று வருடம் ஆன வண்டிகளின் ஓனர்களிடம் கேட்டு, 100 வண்டிக்கு எத்தனை குறை என்று வெளியிடுகிறது. 2024-இல் சராசரி 190, முதலிடத்தில் லெக்ஸஸ் 135. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் போன் புளூடூத்தில் சேரவில்லை என்பதும் ஒரு குறை, கியர்பாக்ஸ் போனதும் ஒரு குறை. அதிகமாக வரும் புகாரே தொடுதிரையும் பாட்டுப் பெட்டியும் சம்பந்தப்பட்டதுதான். அந்த வண்டிகளும் நம்மிடம் இல்லை, அந்த ரோடும் நம்மிடம் இல்லை. பத்து வருடப் பழைய டீசலை ஏற்காடு மலையில் ஓட்டப்போகிற உங்களுக்கு அதில் எதுவும் உதவாது.

உங்களுக்கு உதவுவது அந்த ரோட்டைப் பற்றிய கணக்கு. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவு, ஏற்காடு 1,500. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. ஆளோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவரும் சக்தி, கரண்ட் கணக்கில் ஏறக்குறைய 4 யூனிட். காற்றும் டயர் உராய்வும் கொஞ்சம் தின்னும். மீதியை இன்ஜின் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பிரேக்கில் சூடாக இறங்கும். இரண்டாவது, மூன்றாவது கியரில் இன்ஜின் பிடிப்பிலேயே இறங்குகிறவரின் பிரேக் பேடும், நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறவரின் பிரேக் பேடும் ஒரே கம்பெனியாக இருந்தாலும் ஒரே ஆயுள் இருக்காது. நியூட்ரலில் இறங்குவது டீசலையும் மிச்சப்படுத்துவதில்லை, கியரில் காலை எடுத்தால் இந்த இன்ஜினுக்கு டீசல் சப்ளையே நின்றுவிடும்.

ஏறும்போது அடி வாங்குவது கிளட்ச். இந்த 1.3 இன்ஜினின் சுபாவம், 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போ முழுசாக எழாது; வளைவில் வேகம் குறைந்ததும் வண்டி சோர்ந்துவிடும். அப்போது முதல் கியருக்கு வராமல் இரண்டாவதிலேயே பாதி கிளட்ச்சில் இழுக்கிறவர்கள்தான் அதிகம். பெரிய லீவிலும் மே மாதக் கோடை விழாச் சமயத்திலும் வளைவுகளில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது, கருகின வாசனை ரோடு முழுக்க அடிக்கும். அந்த வரிசையில் எல்லாக் கம்பெனி வண்டியும் இருக்கும். ஏஎம்டி என்றால் அந்த நெரிசலில் இன்னும் கவனம் வேண்டும், ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்து வண்டியை மேட்டில் தாங்கி நிறுத்தவே கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, இடைவெளி விழுந்ததும் கிளப்ப வேண்டும். நீங்கள் பார்த்த இரண்டில் மேனுவல் எது என்று எழுதவில்லை. தினசரி மலை என்றால் நான் மேனுவல்தான் சொல்வேன். இன்னொன்று: உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், டர்போ இல்லாத பெட்ரோல் வண்டிக்கு மேலே போகும்போது பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி குறையும். அந்த வகையில் டர்போ டீசல் என்று நீங்கள் முடிவு செய்தது சரி. தினமும் இவ்வளவு தூரம் ஓடப்போவதால் டீசலுக்குக் கரி அடைக்கும் தொல்லையும் குறைவு.

இன்ஜினைக் கொல்வது எது என்று கேட்டால், நான் கம்பெனி பேர் சொல்ல மாட்டேன், ஆயிலைச் சொல்வேன். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு டோ பண்ணி ஒரு வண்டி வந்தது. பேரைச் சொன்னால் "அந்த வண்டியா, அது சாகவே சாகாதே" என்பீர்கள். வாரண்டி முடிந்ததும் சர்வீஸை நிறுத்தி, குறைந்தால் ஆயில் ஊற்றிக்கொள்வது என்று ஓட்டியிருந்தார்கள். ஆயில் மூடியைத் திறந்தேன். மூடியின் அடியில் கறுப்பாக, கெட்டியாக, விரலால் வழித்தால் வழிந்து போகாமல் அப்படியே நிற்கிற பசை. இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றியபோது ஆயில் உறிஞ்சுகிற குழாயின் வலைக்கண் முக்கால்வாசி அடைத்திருந்தது. மேலே ஆயில் ஏறாமல், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் உட்காரும் இடம் கீறிப்போய், நகத்தை வைத்தால் மாட்டியது. அதே வாரத்தில், பேர் இல்லாத ஒரு கம்பெனி வண்டி, இரண்டு லட்சத்தைத் தாண்டியது, வழக்கமான சர்வீஸுக்கு வந்து நின்றது. அதன் மூடியைத் திறந்தால் உள்ளே கேம்ஷாஃப்ட் தேன் நிறத்தில் பளபளவென்று தெரிகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறவர்களுக்குப் பேர் பற்றிய பேச்சு பாதி அடங்கிவிடும்.

இன்னொரு எதிரி, நம் சேலத்துத் தண்ணீர். ரேடியேட்டரில் கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. வீட்டில் கீசரில் படிகிற அதே வெள்ளைப் படிவம் உள்ளே படிகிறது. ஏற்காடு உயரத்தில் வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதையும் யோசியுங்கள். கூலன்ட் கலவையும் ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும் சேர்ந்துதான் அதை நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் பிடித்து வைத்திருக்கின்றன.

சரி, இப்போது என்ன செய்ய வேண்டும்? என் மனது ஜெஸ்ட் பக்கம் சாய்கிறது. காரணம் டாடா என்பதல்ல, 61,000 கிலோமீட்டர், ஒரே ஓனர், ஆளை நேரில் உட்கார வைத்துக் கேட்க முடியும் என்பது. ஆனால் அந்த 61,000 உண்மையா என்று தெரிந்தால்தான் இந்தச் சாய்வுக்கு அர்த்தம். மீட்டரைப் பார்த்து நம்பாதீர்கள். அவர் அனுமதியோடு டாடா சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பர் கொடுத்து, ஒவ்வொரு சர்வீஸும் எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் நடந்தது என்று கேளுங்கள். வருடம் ஏற ஏறக் கிலோமீட்டரும் ஒழுங்காக ஏறியிருக்க வேண்டும், ஆயில் மாற்றாமல் ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. குறைவாக ஓடிய வண்டியில் "ஓடவே இல்லையே" என்று ஆயில் மாற்றாமல் விட்டுவிடுவது ரிடையர் ஆனவர்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும், அதைத் தனியாகக் கேளுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளைம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 50 என்று இருந்தால் தொடர்ந்து ஐந்து வருடம் கிளைம் போகவில்லை என்று அர்த்தம், பெரிய அடி பட்டிருக்க வாய்ப்பு குறைவு.

வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள், "நீங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும் முதல் சில நொடிகள்தான் முக்கியம். டைமிங் செயின் தளர்ந்திருந்தால், ஆயில் அழுத்தம் ஏறும்வரை முன்பக்கம் கடகடவென்று சங்கிலி குலுங்கும் சத்தம் வரும், அப்புறம் அடங்கிவிடும். சூடான இன்ஜினில் அது கேட்காது. அந்தச் சத்தம் கேட்டால் செயின் செட் மாற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். கூலன்ட் டப்பாவில் துரு நிறமோ வெள்ளைப் படிவமோ இருந்தால் அவர் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். பெடல் ரப்பரும் ஸ்டியரிங் தோலும் 61,000-க்கு உள்ள தேய்மானம்தானா என்று பாருங்கள்.

பிறகு வண்டியை அடிவாரம் தாண்டி நாலைந்து வளைவு ஏற்றிப் பாருங்கள். கன்சல்டிங்கைச் சுற்றி ஒரு ரவுண்டு அடிப்பதில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது கியரில் மேட்டில் மிதிக்கும்போது ஆர்பிஎம் ஏறி, வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் போய்விட்டது. கறுப்புப் புகை தொடர்ந்து வந்தால் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் இஜிஆரோ, டர்போவோ இன்ஜெக்டரோ பார்க்க வேண்டும். திரும்பி இறங்கும்போது பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறதா என்று கவனியுங்கள், நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. வளைவில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது கடக் கடக் என்று சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட். இதையெல்லாம் நீங்களே செய்ய வேண்டாம், உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிப்போய், அவருக்கு அரை நாள் கூலி கொடுத்துவிடுங்கள். லிஃப்டில் ஏற்றி அடியில் துருவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்காட்டுப் பனியில் நிற்கப்போகிற வண்டி.

ஜெஸ்ட்டுக்கு ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வருவதற்குள் அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். இன்ஜின் சாமானுக்குக் கவலை இல்லை, இத்தனை வண்டிகளில் ஓடிய இன்ஜின். ஆனால் பம்பர், ஹெட்லைட், கண்ணாடி, கதவுக்குள் ஒயர் போன்றவை தேவைப்பட்டால் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டி வரலாம். திரும்ப விற்கும்போதும் டிசையருக்குக் கிடைக்கும் விலை கிடைக்காது. மூன்று வருடத்தில் மாற்றிவிடும் எண்ணம் இருந்தால் அந்த மறுவிற்பனை விலையைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். உங்கள் அண்ணன் பேச்சில் எனக்கு ஏற்புள்ள பகுதி அதுதான். ஏழெட்டு வருடம் ஓட்டுவதாக இருந்தால், இன்று கையில் மிஞ்சும் 1.90 லட்சம் பெரிய பணம்.

ஜெஸ்ட் இந்தச் சோதனையில் தேறவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள், குறைந்த விலை என்று சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். அப்போது டிசையரை இதே கேள்விகளோடு பாருங்கள். முதல் ஓனர் யார், டாக்சியாக ஓடியதா, 1,28,000-க்குச் சர்வீஸ் கணக்கு இருக்கிறதா, கிளட்ச் எப்போது மாற்றியது என்று. பதில்கள் நேராக இருந்து, விலையும் இறங்கி வந்தால் தாராளமாக எடுக்கலாம். இரண்டுமே தேறவில்லை என்றால் இன்னும் ஒரு மாதம் பஸ்ஸில் போவது நஷ்டமில்லை.

எதை எடுத்தாலும் 25,000 ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். வந்த வாரமே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் இறக்கத்தில் சூடாகும்போது கொதித்து, பெடல் காலுக்கடியில் அமுங்கிவிடும். மலையில் இருக்கிறவர்கள் அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்ற வேண்டும். டயர் பக்கத்தில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். ஆறு வருடம் தாண்டிய டயர் பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், மழைக்கால வளைவுக்கு ஆகாது.

பேப்பர் விஷயம். ஓனர் ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்துப் போட வேண்டும். வண்டி மேல் கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் ஃபார்ம் 35-உம் வேண்டும். பணம் கொடுத்து வண்டியை எடுக்கும்போது டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அவருடைய நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. அதனால் பிரீமியம் அவர் கட்டியதை விடக் கூடும். விலை பேசுவதற்கு முன்பே அந்தத் தொகையை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.